ஈயக் குண்டும் குழையல் சோறும்

1. சனிக்கிழமை காலை கிளப்புக்குப் போய், ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, ரைஃபிள் குண்டுகள் வார்த்தேன்.
2. முந்திய வாரம் வார்த்தவற்றில் முப்பதைச் சுட்டேன்.
3. ரைஃபிளின் குழலைத் துடைத்துச் சுத்தம் செய்தேன்.
4. சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.
5. மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் ஏறி, வீடு இருக்கும் ஹரோவுக்கு வந்தேன்.
6. வீட்டில் சோற்றையும் கறிகளையும் ஒரு சட்டியில் போட்டுக் கையால் குழைத்து, வயிற்றில் பிள்ளையோடு இருந்த அக்காவுக்கு உருண்டை உருட்டிக் கொடுத்தேன்.
7. இதே வரிசையை ஒன்பது சனிக்கிழமைகள் திரும்பத் திரும்பச் செய்தேன்.
8. பத்தாவது சனிக்கிழமைக்கு நான்கு நாட்கள் முன்பு, என் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று மின்னஞ்சல் வந்தது.

இப்படி எழுதிப் பார்த்தால் தவறு எங்கே என்று யாருக்கும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிய நான்கு நாட்கள் பிடித்தன. அதற்குக் காரணம், என் தொழில் காற்று.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். பழைய கட்டடங்களுக்குக் காற்றோட்டக் குழாய்கள் வடிவமைப்பது வேலை. ஓர் அறைக்குள் எவ்வளவு காற்று வரவேண்டும், எவ்வளவு போகவேண்டும், எந்த மூலையில் அது சோம்பேறித்தனமாகத் தேங்கி நிற்கும் என்று கணக்குப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கே எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பேன்.

துப்பாக்கி சுடும் கிளப்புக்கு முதலில் அலுவலக நண்பி ஒருத்தியோடு விருந்தாளியாகத்தான் போனேன். வடமேற்கு லண்டனில் ரயில் பாதைக்குக் கீழே உள்ள நீண்ட செங்கல் வளைவு ஒன்றுக்குள் அது இருக்கிறது. தலைக்கு மேலே ரயில் போகும்போது யாரும் சுடமாட்டார்கள். அப்படி ஒரு விதி கிடையாது, பழக்கம்தான். நண்பி இரண்டாம் வாரமே நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவதும், விரலை மெதுவாக அழுத்துவதும், பிறகு கடதாசியில் விழுந்த துளைகளுக்கு இடையேயான தூரத்தை மில்லிமீற்றரில் அளந்து கொப்பியில் குறிப்பதும்தான் பிடித்தன. கொப்பியில் போன வாரத்தைவிட இந்த வாரம் நான்கு மில்லிமீற்றர் குறைந்திருந்தால், திங்கட்கிழமை அலுவலகத்தில் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, நான் "துவக்குக்காரி". துப்பாக்கிக்கு எங்கள் பேச்சில் துவக்கு என்று பெயர்; அம்மா மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார். "உன்ர அந்த வகுப்பு" என்பார், நான் ஏதோ வீணை படிக்கப் போவதுபோல. போர்க்காலத்தில் அம்மா யாழ்ப்பாணத்தை விட்டு எப்படி வந்தார் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆகவே நானும் அதை வகுப்பு என்றே வைத்துக்கொண்டேன்.

நான் பழகிய ரைஃபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது வாயுவால் இயங்கும் வகையைச் சேர்ந்தது. ஒரு தடவை சுட்டால், குண்டின் பின்னால் வரும் வாயுவில் சிறு பங்கு குழலின் பக்கத்திலுள்ள ஊசித்துளை வழியாக வெளியேறி, பின்பகுதியைத் தள்ளி, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதை எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிவிடும். சுடுபவர் விரலை மட்டும் அசைத்தால் போதும். அந்த அளவுத் தோட்டா போடுகிற, தானாக ஏற்றிக்கொள்கிற ரைஃபிளை இந்த நாட்டில் தனியார் வைத்திருக்க முடியாது. ஆகவே இங்கே விற்பதற்குக் கட்டும்போதே அந்தத் துளையை வெளியிலிருந்து அடைத்துவிட்டார்கள். மற்ற எல்லாம் அப்படியே. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு பக்கத்திலுள்ள கைப்பிடியைப் பின்னால் இழுத்து விடவேண்டும். வாயுவின் வேலை எனக்கு, சம்பளமில்லாமல்.

குண்டுகளை நாங்களே வார்ப்பதற்குக் காரணம் அந்தச் செங்கல் வளைவு. உள்ளரங்கில் செம்பு உறை போட்ட வேகமான குண்டுகளுக்கு அனுமதி இல்லை. வெறும் ஈயம், குறைந்த வெடிமருந்து, மெதுவான வேகம். இந்த மாதிரி ரைஃபிளில் வெறும் ஈயத்தைச் சுடலாமா என்று இணையத்தில் தேடினேன். அமெரிக்கர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்சி, ஈயமும் அதன்மேல் பூசும் மெழுகும் வாயுத்துளையை அடைத்துவிடும் என்றது. இன்னொரு கட்சி, குண்டு போதிய கடினமாகவும் குழலுக்குச் சரியான பருமனாகவும் இருந்தால் ஒன்றும் ஆகாது என்றது. மெதுவாகச் சுட்டால் வாயு போதாமல் அடுத்த தோட்டா ஏறாது, வேகமாகச் சுட்டால் ஈயம் குழலில் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதில்தான் அவர்களுக்குச் சுகம். இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதையெல்லாம் வாசித்தேன். எங்கள் ரைஃபிளின் துளைதான் அடைத்தாயிற்றே என்பதை நினைத்துப் பார்க்காமலில்லை. ஆனாலும் வாசித்தேன்.

வாசித்தது வீண் போகவில்லை. துளையை வெளியில்தான் அடைத்திருந்தார்கள். குழலின் உள்ளே அந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது அதன் விளிம்பு ஈயத்தை மிகமிக மெல்லியதாகச் சீவி எடுக்கும். முப்பது வெடிக்குப் பிறகு பள்ளம் நிறைந்துவிடும், குறி கலையும். கிளப்பில் பல மாதங்களாக ரைஃபிளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளத்தைச் சொன்னேன். அன்று முதல் அந்தக் குழலைச் சுத்தம் செய்வது என் வேலையாயிற்று. பித்தளைத் தூரிகையைச் செலுத்தி, பிறகு துணித்துண்டை இழுத்து, துணியில் வரும் சாம்பல்நிறச் செதிள்களை விரல்களுக்கு இடையே உருட்டிப் பார்ப்பேன். சொரசொரப்பாக இருந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கையுறை போட்டால் அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே போடவில்லை.

வார்ப்பது வளைவுக்குப் பின்னால் நின்ற பழைய இரும்புக் கொள்கலனில். மூன்று பேர் வார்ப்போம்: பேச்சே இல்லாத ஓர் ஆங்கிலேயர், கோயம்புத்தூர்க்காரி ஒருவர், நான். கோயம்புத்தூர்க்காரிக்கு என்னைவிடப் பத்து வயது கூட. கல்லூரியில் என்.சி.சி. மாணவர் படையில் சுட்டுப் பழகியவர், இங்கே மென்பொருள் வேலை. அவர் என்னை "வாங்க யாழ்ப்பாணம்" என்பார். நான் அவரை "சொல்லுங்கோ கோவை" என்பேன். ஆங்கிலேயர் இரண்டு பேரையும் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

முதல் நாளே கொள்கலனின் காற்றோட்டத்தைக் கண்டு திகைத்துவிட்டேன். ஒரேயொரு ஜன்னல், அதுவும் பாதி திறக்கும். என் செலவில் ஒரு விசிறி வாங்கி, குழாய் போட்டு, உலைக்கு நேர் மேலே உறிஞ்சும்படி பொருத்தினேன். காற்று சரியாகப் போகிறதா என்று பார்க்க அம்மாவின் சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தி நான்கு எடுத்துக்கொண்டு போனேன். எந்த மூலையில் கொளுத்தினாலும் புகை வளைந்து வளைந்து குழாய்க்குள் போய்ச் சேர்ந்தது. "ஈயத்துக்குப் பூசை போடுறீங்களா?" என்றார் கோயம்புத்தூர்க்காரி. பிறகு பாதுகாப்பு விதிகள் பதினான்கை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவில் மாட்டினேன். வேலைச் சட்டையும் சப்பாத்தும் கொள்கலனை விட்டு வெளியே போகக்கூடாது என்பதும் அதில் ஒன்று. வருடம் ஒரு தடவை மூவரும் இரத்தப் பரிசோதனை செய்வது என்பது கடைசி.

இனி வீடு.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. அம்மா ஐந்து கறி வைப்பார், ஐந்திலும் மிஞ்சும். சனிக்கிழமை மத்தியானம் அந்த மிச்சங்களைச் சூடாக்கி, சிவப்பரிசிச் சோற்றோடு பெரிய சட்டியில் போட்டு, கையால் குழைத்து, சுற்றி இருப்பவர்களின் உள்ளங்கையில் உருண்டை உருண்டையாக வைப்போம். அதுதான் குழையல். சாப்பிடுபவருக்குக் கோப்பை, அதாவது தட்டு, கிடையாது, கை நீட்டினால் உருண்டை வரும். ஒருவர்தான் குழைக்கவேண்டும், மற்றவர்கள் நீட்டவேண்டும். எங்கள் வீட்டில் குழைப்பது நான். பருப்பு, கத்தரிக்காய், கீரை, பொரித்த மிளகாய் ஒன்றை நொறுக்கி, கொஞ்சம் புளி. விரல் நுனியால் அழுத்தும்போது சோறு உடையாமல் கறியோடு ஒட்டுகிற ஒரு பதம் இருக்கிறது. கரண்டிக்கு அது பிடிபடாது.

அக்கா பிள்ளை உண்டாகி, கண்டதெல்லாம் குமட்டிய காலம் அது. காலையில் டோஸ்ட் போடும் பாண் வாசம் கூடாது, மாலையில் இறைச்சி வாசம் கூடாது, அத்தான் போடும் சென்ட் எப்போதும் கூடாது. குழையல் மட்டும் உள்ளே போனது. கவுன்சில் அலுவலக வேலையில் கிழமை முழுவதும் பிஸ்கட்டைக் கொறித்துக் காலம் ஓட்டிவிட்டு, சனிக்கிழமைக்குக் காத்திருப்பாள். கையை நீட்டிக்கொண்டே இருப்பாள். "காணும், வயித்தைக் குத்தும்" என்று அம்மா சொன்னாலும் கை இறங்காது. எனக்கு அதில் பெருமைதான். மில்லிமீற்றர் குறைந்ததற்கு அடுத்தபடி.

இரத்தப் பரிசோதனை முடிவோடு மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் வந்தது. மருந்து எடுக்கவேண்டிய அளவு இல்லை, ஆனால் இருக்கவேண்டியதைவிடத் தெளிவாகவே கூடுதல், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்று எழுதியிருந்தது. உடனே கூரையைப் பார்த்தேன், அலுவலகக் கூரைதான். விசிறி வேலை செய்யவில்லை என்று தீர்மானித்துவிட்டேன். நான் மூச்சில் இழுத்திருக்கிறேன், அவ்வளவுதான். மூச்சு என்றால் அது என்னோடு முடிந்தது. சட்டையும் சப்பாத்தும் கிளப்பிலேயே இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. அக்காவை ஒரு கணம் நினைத்தேன், அந்தக் கணக்கில் அவளைக் கழித்தும்விட்டேன்.

புதன்கிழமை வேலை முடிந்து, ஊதுபத்தியோடு கிளப்புக்குப் போனேன். புகை குழாய்க்குள் அழகாகப் போனது. வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து காற்றளவு பார்க்கும் கருவியைக் கொண்டுபோனேன். வேண்டியதைவிட இரண்டு மடங்கு. வெள்ளிக்கிழமை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை கோயம்புத்தூர்க்காரியிடம் கேட்டேன்.

"உங்களுக்கு ரிசல்ட் எப்படி?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நார்மல். நம்ம ஐயாவுக்கும் நார்மல்."

"நீங்கள் என்னைவிட ரெண்டு வருசம் கூட வார்க்கிறீங்கள்."

"ஆமா. அதான் நானும் யோசிக்கிறேன். நீங்கதானே இந்த இடத்துக்கே காத்து குடுத்தவங்க."

"இங்கயிருந்து வீட்டுக்குப் போனவுடன என்ன செய்வீங்கள்?"

"குளிப்பேன். எங்க மாமியார் இருக்காங்களே, வெளிய போயிட்டு வந்து குளிக்காம அடுப்படியில கால வெச்சா, அன்னைக்கு வீட்ல கொலை விழும்."

"சாப்பாடு?"

"அது இங்கயே. பாத்திருக்கீங்கல்ல, டப்பாவுல தயிர் சாதம், ஸ்பூன்."

ஆங்கிலேயரைப் பார்த்தேன். அவர் சாண்ட்விச்சைக் கடதாசியோடு பிடித்து, கடதாசியை உரித்து உரித்துக் கடித்துக்கொண்டிருந்தார். விரல் ரொட்டியில் படவே இல்லை. வருடக்கணக்காக அப்படித்தான் சாப்பிடுகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் பையில் ஒரு பெட்டி இருந்தது. பழைய கட்டடங்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பஞ்சுக்குச்சிகள். ஈயம் பட்டால் பஞ்சு ரோசாநிறமாகும். அன்றைக்கு வழக்கம்போல வார்த்தேன், சுட்டேன், குழல் துடைத்தேன், சோப்புப் போட்டு வழக்கம்போலக் கழுவினேன். துவாயில் துடைத்தேன். பார்வைக்குச் சுத்தமான கை. குச்சியை எடுத்து வலதுகைப் பெருவிரல் நகத்துக்கு அடியில் ஓட்டினேன்.

ரோசா.

சுட்டுவிரல், ரோசா. நடுவிரல் ரேகை, கொஞ்சம் வெளிறிய ரோசா. கோயம்புத்தூர்க்காரி எட்டிப் பார்த்தார். "அட, நல்ல கலருங்க" என்று சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அதே நேரம் தொலைபேசி துடித்தது. அக்கா. "எங்க நிக்கிறாய்? பசிக்குது. அம்மா சட்டியை எடுத்து வைச்சிட்டா."

ரயிலில் உட்காரவில்லை. ஒரு கம்பியையும் பிடிக்கவில்லை. வெம்பிளி பார்க் நிலையம் வரைக்கும் ஒரு வழி யோசித்தேன்: பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டி, வெட்டிப்போட்டது என்று சொல்லலாம். அடுத்த கிழமையும் ஆறவில்லை என்று சொல்லலாம். பிள்ளை பிறக்கும்வரை விதவிதமாக ஏதாவது வெட்டிக்கொண்டே இருக்கலாம். வெம்பிளி பார்க்கில் அந்த வழி முடிந்தது. ஈயம் தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகும் என்பதை நான் செவ்வாய்க்கிழமையே வாசித்திருந்தேன். அக்காவுக்கு இரத்தம் பார்க்கவேண்டும். பார்க்கவேண்டுமென்றால் சொல்லவேண்டும்.

அக்கா சட்டிக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள். அத்தான் பக்கத்தில் தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மிளகாய் பொரித்தார்.

"நான் இண்டைக்குக் குழைக்கேலாது," என்றேன்.

"ஏன், துவக்குக்காரிக்குக் கை நோகுதோ?" என்றாள் அக்கா.

"என்ர கையில ஈயம் இருக்கு."

"கழுவிப்போட்டு வா."

"கழுவினாப் பிறகும் இருக்கு. சோதிச்சுப் பாத்தனான்."

அக்கா நீட்டியிருந்த கையை மடியில் வைத்தாள். "போன கிழமையும் உந்தக் கைதானே?"

"ஓம்."

"அதுக்கு முந்தின கிழமை?"

"ஓம் அக்கா. ஒன்பது கிழமை."

"எண்ணியும் வைச்சிருக்கிறாய்."

அத்தான் கிரிக்கெட்டை நிறுத்தினார். "மச்சாள், விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. பிள்ளைக்குக் கூடாதோ?"

"கூடாது அத்தான். எவ்வளவு போயிருக்கெண்டு தெரியாது. ரத்தம் பாக்கோணும்."

அம்மா அடுப்பை அணைத்தார். "என்னத்துக்கு எல்லாரும் அந்தரப்படுறியள்? ஊரில பானைக்கு ஈயம் பூசித்தானே சமைச்சனாங்கள். ஆருக்கு என்ன வந்தது?"

"அது வெள்ளீயம், அம்மா. வேற உலோகம். இது சன்னம் செய்யிற ஈயம்."

சன்னம், அதாவது துப்பாக்கிக் குண்டு, என்ற சொல்லை அந்த வீட்டில் நான் முதல் தடவையாகச் சொன்னேன். அம்மா பொரித்த மிளகாயை மூடி வைத்தார்.

அக்காதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கதவில ஏதோ லிஸ்ட் எழுதி மாட்டினனீ எண்டு படம் அனுப்பினனீ எல்லே. அதில காத்துக்கு எத்தினை வரி?"

"ஒன்பது."

"கைக்கு?"

"ஒண்டு. சாப்பிட முதல் சோப்புப் போட்டுக் கழுவோணும் எண்டு."

"எனக்கு?"

அவள் எழுந்து மேலே போய்விட்டாள். அன்று மத்தியானம் அந்த வீட்டில் ஆளுக்கொரு கோப்பையில், ஆளுக்கொரு அறையில் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை, அக்காவின் பிரசவத்தைக் கவனிக்கும் மிட்வைஃப் உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரப் பத்து நாட்கள் ஆகும் என்றார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்ன செய்தேன், எத்தனை குண்டு, எத்தனை உருண்டை என்று ஒரு பட்டியல் தயாரித்து மிட்வைஃபுக்குக் கொடுக்கும்படி அக்காவிடம் நீட்டினேன். உருண்டைகளின் எண்ணிக்கையை அத்தானிடம் கேட்டுத்தான் போட்டேன். அக்கா அதை வாசித்தாள், மடித்துக் கைப்பையில் வைத்தாள், பிறகு சொன்னாள்: "இனி இந்த வீட்டில ஒருத்தரும் நம்பர் போட்டுக் கதைக்கப்படாது."

"முதலாவது, ஓம்," என்றார் அத்தான். "ரெண்டாவதும் ஓம்."

அக்கா அவரைத் தலையணையால் அடித்தாள். அந்தப் பத்து நாட்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் என்னைப் பார்த்தல்ல.

நான் கிளப்புக்குப் போகவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். இரவு அவள் அறைக் கதவுக்கு வெளியே நின்று, அவள் அத்தானிடம் என்ன கேட்கிறாள் என்று ஒட்டுக்கேட்டேன். பிள்ளைக்குக் காது கேட்குமா, படிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். அவருக்கு என்ன தெரியும்? வாசித்தவள் நான்.

பத்தாம் நாள் மாலை மிட்வைஃபின் அழைப்பு வந்தபோது எல்லோரும் சமையலறையில் நின்றோம். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். மிட்வைஃப் முதலில் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டார். பிறகு முகவரியைக் கேட்டார். அத்தான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் முடிவு: சாதாரண அளவு. எவரிடமும் இருக்கக்கூடிய அளவுக்குள்தான். கவனத்துக்காக ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்ப்போம். ஏன் இவ்வளவு குறைவு என்று நான் பக்கத்திலிருந்து கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, என் கையிலிருந்தே மிகக் கொஞ்சம்தான் போயிருக்கலாம், கல்சியமும் இரும்பும் உடம்பில் போதுமானதாக இருந்தால் ஈயம் அவ்வளவாக உள்ளே ஏறாது, அக்கா அந்தச் சத்து மாத்திரைகளை ஒழுங்காக எடுத்திருக்கிறாள், அதுவும் உதவியிருக்கலாம் என்றார்.

அந்த மாத்திரைகளைக் காலையும் மாலையும் அக்காவின் பின்னால் கொண்டு திரிந்தவர் அத்தான். தொலைபேசியை வைத்ததும் இரண்டு கைகளையும் விரித்தார். "ஆர் தந்தது? சொல்லுங்கோ, ஆர் தந்தது?"

"நீங்கள்தான், நீங்கள்தான்," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒரு நாளைக்கு ரெண்டு. சண்டை பிடிச்சுத் தந்தனான்."

"நம்பர் வேண்டாம் எண்டனான்," என்றாள் அக்கா.

நான் குளியலறைக்குப் போய்க் கை கழுவினேன். மூன்று தடவை. பத்து நாட்களுக்கு மேலாக ஈயத்தைத் தொடாத கை அது. கழுவத் தேவையே இருக்கவில்லை. திரும்பி வந்தபோது அக்கா குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நீ இனிக் கரண்டியால சாப்பிடு. எனக்குத் தெரியிற இடத்தில இருந்து சாப்பிடு."

"ஓம்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டார் அத்தான்.

"நான் சொல்லும்வரைக்கும்."

அதற்கடுத்த சனிக்கிழமை கிளப்புக்குப் போய்க் கதவிலிருந்த பட்டியலைக் கழற்றினேன். புதியதில் ஐந்து வரிதான். வார்க்கும்போதும் குழல் துடைக்கும்போதும் கையுறை. உலோகத்தூளை எடுக்கும் தனிச் சோப்பு, நகத்துக்குத் தூரிகை. வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகே சமையலறை. வீட்டில் கர்ப்பிணியோ சிறுபிள்ளையோ இருந்தால் வார்க்கும் வேலையில் சேரவேண்டாம். இரத்தப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. கோயம்புத்தூர்க்காரி வாசித்துவிட்டு, "மூணாவது வரியில எங்க மாமியார் பேரைப் போட்டிருக்கலாம்" என்றார். நான்காவது வரியின்படி நானே அங்கிருந்து விலகிக்கொண்டேன். இப்போது ஆங்கிலேயரும் அவரும் வார்க்கிறார்கள், மெழுகுக்குப் பதிலாக உலையில் சுட்டெடுத்த ஒரு பூச்சோடு. பூச்சு போட்ட குண்டில் ஈயம் கையிலும் ஒட்டுவது குறைவு, குழலின் பள்ளத்திலும் சேர்வது குறைவு. இதையும் அந்த அமெரிக்கர்கள்தான் எழுதியிருந்தார்கள், சண்டைக்கு நடுவே.

அக்காவின் இரண்டாவது பரிசோதனையும் சாதாரணம். இப்போது அவளுக்கு முப்பத்துநான்காவது வாரம். பிள்ளை நன்றாக வளர்கிறது என்கிறார்கள். பிறந்த பிறகு அதற்கும் ஒரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் எல்லைக் கோட்டுக்கு மேலேதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் சுடப் போகிறேன், கையுறையோடு. குறி பழையபடி இல்லை. சனிக்கிழமைக் குழையல் அத்தான் குழைக்கிறார், கூழ் போலத்தான் வருகிறது. அக்கா கை நீட்டுகிறாள். நான் கரண்டியோடு எதிரே இருக்கிறேன். கரண்டியை வைக்கலாம் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.